நௌசிக்கா: ஏழு தொகுதிகளையும் எந்த ஒழுங்கில், எந்தப் பதிப்பில் வாசிப்பது?

ஹயாவோ மியாசாக்கி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவன அவரது அனிமேசன் திரைப்படங்கள்தான். ஆனால் அவர் பன்னிரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டு வரைந்து முடித்த ஒரு நீண்ட சித்திரக்கதையும் உண்டு. 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிக்கா' என்பது அதன் பெயர். ஜப்பானின் 'அனிமேஜ்' சஞ்சிகையில் 1982 பெப்ரவரி இதழில் தொடங்கி 1994 மார்ச் இதழில் முடிந்த இந்தத் தொடர், 59 அத்தியாயங்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களையும் கொண்டது. நூல் வடிவில் 7 தொகுதிகள்.

இதே பெயரில் 1984இல் வெளிவந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள், கதை தமக்குத் தெரியும் என்று நினைப்பதுண்டு. உண்மையில் திரைப்படம் ஏறத்தாழ முதலிரண்டு தொகுதிகளில் உள்ளவற்றைக் கொண்டு ஆக்கப்பட்டது. மீதி ஐந்து தொகுதிகள் அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த ஐந்தில்தான் போர் விரிகிறது, ஊர்கள் பெயர்கின்றன, ஆட்சியாளர்கள் தாம் உருவாக்கிய ஆயுதத்தின் மீதான கட்டுப்பாட்டை இழக்கிறார்கள், சாதாரண மக்கள் மிஞ்சிய நிலத்தில் எப்படி வாழ்வது என்று தேடுகிறார்கள். போரையும் அதற்குப் பின்னரான காலத்தையும் பார்த்த வாசகர்கள் இந்த நூலை நாட வேண்டிய காரணம் அங்கேதான் இருக்கிறது.

எந்த ஒழுங்கில் வாசிப்பது, எந்தப் பதிப்பைத் தேடுவது, ஒவ்வொரு தொகுதியிலும் என்ன இருக்கிறது என்பவற்றை இங்கே தருகிறோம். கதையின் இறுதி இரகசியம் இக்கட்டுரையில் வெளியிடப்படவில்லை. இடையில் வரும் முக்கிய நிகழ்வுகள் சில சொல்லப்பட்டுள்ளன.

கதையின் உலகம்

'ஏழு நாள் தீ' என்று அழைக்கப்படும் போரில் மாபெரும் தொழிற்துறை நாகரிகம் ஒன்று அழிந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. நிலத்தின் பெரும்பகுதியை நச்சுக்காற்றை வெளிவிடும் பூஞ்சணக் காடு மூடியிருக்கிறது. ஜப்பானிய மொழியில் அதன் பெயர் 'ஃபுகாய்'. அழுகிய கடல் என்று பொருள். முகமூடி இல்லாமல் அங்கே போகும் மனிதரின் நுரையீரல் விரைவில் கெட்டுவிடும். அந்தக் காட்டை இராட்சதப் பூச்சிகள் காக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது 'ஓமு'. கோபம் வந்தால் அதன் கண்கள் சிவக்கும், ஆறினால் நீலமாகும்.

கடலோரத்தில், கடற்காற்று நச்சைத் தடுத்துவைக்கும் ஓர் இடத்தில் சில நூறு பேர் வாழும் சிற்றூர்தான் காற்றுப் பள்ளத்தாக்கு. அதன் தலைவரின் மகள் நௌசிக்கா. அவருக்குப் பிறந்த பதினொரு பிள்ளைகளில் உயிர் தப்பியவள் அவள் மட்டுமே. மற்றவர்களை நிலத்தின் நஞ்சு கொண்டுபோய்விட்டது. தந்தையும் அதே நஞ்சினால் படுக்கையில் கிடக்கிறார்.

பள்ளத்தாக்குக்கும் டொருமெக்கியா என்ற பேரரசுக்கும் இடையில் பழைய உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. பேரரசு போருக்கு அழைத்தால் பள்ளத்தாக்கு போக வேண்டும். தந்தைக்குப் பதிலாக நௌசிக்கா புறப்படுகிறாள். தன்னோடு அவள் கூட்டிச் செல்பவர்கள் வயது போன காவலர்கள். ஊருக்கு இளையவர்கள் தேவை, ஆகையால் கிழவர்களாகிய நாம் போகிறோம் என்பது அவர்களின் நியாயம். யாருடைய போர், எதற்கான போர் என்று தெரியாமலே ஒரு சிறிய ஊர் ஆள் அனுப்ப வேண்டியிருப்பதிலிருந்துதான் கதை நகர்கிறது.

எதிர்த்தரப்பு டொரொக் என்ற இன்னொரு பேரரசு. பல இனக்குழுக்கள் சேர்ந்த, மதகுருமார் ஆட்சி செய்யும் நாடு அது. திரைப்படத்தில் டொரொக் என்ற பெயரே வருவதில்லை. நூலிலோ, கதையின் பெரும்பகுதி அவர்களின் மண்ணில்தான் நடக்கிறது.

எழுதப்பட்ட விதம்

மியாசாக்கி முதலில் விரும்பியது திரைப்படம் எடுக்கத்தான். ஏற்கெனவே வெளிவந்த கதை ஒன்றைத் தழுவாத படத்துக்குப் பணம் போட யாரும் முன்வரவில்லை. ஆகவே 'அனிமேஜ்' சஞ்சிகையில் சித்திரக்கதையாக வரையத் தொடங்கினார். கதை வாசகர்களிடம் வரவேற்புப் பெற்றது. பிறகு அதே கதை திரைப்படமானது. அந்தப் படத்தின் வெற்றியைத் தொடர்ந்துதான் 1985இல் ஜிப்லி ஸ்ரூடியோ உருவானது.

திரைப்பட வேலைகளுக்காகத் தொடர் நான்கு தடவைகள் நின்றது. முதலாவது நிறுத்தம் நௌசிக்கா படத்துக்காக. அடுத்தது 'வானத்துக் கோட்டை லபுட்டா'வுக்காக. மூன்றாவது, 'டொட்டோரோ', 'கிக்கி' ஆகிய இரண்டு படங்களுக்காக. நான்காவது 'போர்க்கோ ரொஸோ'வுக்காக. ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வந்தபோது உலகமும் மாறியிருந்தது.

இதை வாசகர் மனதில் வைத்திருப்பது நல்லது. தொடர் தொடங்கியபோது பனிப்போர் நடந்துகொண்டிருந்தது. அணுவாயுதமே பெரிய பயமாக இருந்தது. கடைசிப் பகுதியை அவர் வரைந்த 1993, 1994 காலப்பகுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்துபோயிருந்தது. யூகோஸ்லாவியாவில் அயலவர்கள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். இந்த மாற்றங்கள் தனது சிந்தனையை எவ்வளவு பாதித்தன என்பதை மியாசாக்கி பின்னர் நேர்காணல்களில் பேசியிருக்கிறார். முதல் தொகுதியில் இருக்கும் நம்பிக்கையும் ஏழாம் தொகுதியில் இருக்கும் நம்பிக்கையும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

அவரது சொந்தப் பின்னணியும் முக்கியமானது. 1941இல் டோக்கியோவில் பிறந்தவர். குடும்பத்தின் தொழிற்சாலை ஜப்பானியப் போர்விமானங்களுக்கு உதிரிப்பாகங்கள் செய்தது. 1945 ஜூலையில் உட்சுனோமியா நகர் மீது குண்டு வீசப்பட்டபோது அவருக்கு நான்கு வயது. குடும்பம் சிறிய லொறி ஒன்றில் தப்பிச் சென்றது. கைக்குழந்தையோடு வந்து தங்களையும் ஏற்றும்படி கேட்டவர்களை விட்டுவிட்டு அந்த வாகனம் போனதைப் பற்றி அவர் பிற்காலத்தில் பகிரங்கமாகப் பேசியிருக்கிறார். போரினால் பிழைத்த குடும்பம், போரிலிருந்து தப்பிய குழந்தை, ஏற்றப்படாமல் விடப்பட்ட இன்னொரு குழந்தை என்ற மூன்றும் இந்த நூலின் அடியில் கிடக்கின்றன.

நஞ்சு பற்றிய எண்ணத்துக்கு மினமாட்டா விரிகுடா ஒரு தூண்டுதலாக இருந்தது. தொழிற்சாலைக் கழிவின் பாதரசம் கலந்து, மீன் உண்ட மக்கள் நோயுற்று இறந்த இடம் அது. அங்கே மீன்பிடி நின்றபின் கடலில் மீன்கள் பெருகின என்ற செய்தி மியாசாக்கியைப் பாதித்தது. மனிதன் கெடுத்த இடத்தில் மனிதன் இல்லாமலே உயிர் திரும்புகிறது என்ற அந்தச் சங்கடமான உண்மைதான் அழுகிய கடலாக வளர்ந்தது. கதாநாயகியின் பெயர் கிரேக்க இதிகாசமான ஒடிசியில் வரும் இளவரசியுடையது. புழு பூச்சிகளை விரும்பிய ஒரு பிரபுவின் மகளைப் பற்றிய பழைய ஜப்பானியக் கதையும் அவளது பாத்திரத்தில் கலந்திருக்கிறது.

தொகுதி தொகுதியாக

வாசிப்பு ஒழுங்கில் சிக்கல் ஏதுமில்லை. ஒன்று முதல் ஏழு வரை நேராக வாசிக்க வேண்டும். கிளைக்கதைகளோ முன்கதைத் தொகுதிகளோ கிடையாது. சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் கொமிக்ஸ் இதழ்களைப் போல இடையில் ஒன்றை எடுத்து வாசிக்கவும் முடியாது. ஒவ்வொரு தொகுதியும் முந்தையதன் கடைசிப் பக்கத்திலிருந்தே தொடர்கிறது.

முதலாம் தொகுதி: பள்ளத்தாக்கையும் காட்டையும் அறிமுகப்படுத்துகிறது. அழிக்கப்பட்ட பெஜிட்டெ நகரிலிருந்து தப்பிய கப்பல் ஒன்று பள்ளத்தாக்கருகே விழுகிறது. அதிலிருந்த இளவரசி இறக்கும் முன் ஒரு கல்லை நௌசிக்காவிடம் ஒப்படைக்கிறாள். அந்தக் கல்லைத் தேடி டொருமெக்கிய இளவரசி குஷானா வருகிறாள். போருக்குப் போகும் வழியில் நௌசிக்காவும் பெஜிட்டெ இளைஞன் அஸ்பெலும் காட்டின் அடித்தளத்துக்குள் விழுகிறார்கள். அங்கே காற்று சுத்தமாக இருக்கிறது. காடு நிலத்தைச் சுத்திகரிக்கிறது என்ற உண்மை இங்கே தெரியவருகிறது. ஆனால் இது பாதி உண்மை மட்டுமே. மீதியைக் கடைசித் தொகுதிவரை வைத்திருக்கிறார் ஆசிரியர்.

இரண்டாம் தொகுதி: டொரொக் மக்களை முதன்முதலாகச் சந்திக்கிறோம். ஓமுக் குஞ்சு ஒன்றைச் சித்திரவதை செய்து, அதன் ஓலத்தால் ஓமுக் கூட்டத்தை எதிரியின் முகாமை நோக்கி இழுக்கும் போர்த்தந்திரம் இதில் வருகிறது. திரைப்படத்தின் இறுதிக்காட்சிக்கு அடிப்படையான நிகழ்வும் இதில்தான். படத்தில் அது அற்புதமாக நிகழ்ந்து கதையை முடித்துவைக்கிறது. நூலில் அது ஒரு தீர்க்கதரிசனமாக மக்களிடையே பரவி, ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் தோளில் பாரமாக ஏறுகிறது.

மூன்றாம் தொகுதி: போர் நேருக்கு நேர் வருகிறது. நச்சுக்காற்றால் செத்துப்போன கிராமம் ஒன்றில், இறந்த தாயின் அருகே உயிரோடிருக்கும் இரண்டு குழந்தைகளை நௌசிக்கா கண்டெடுக்கிறாள். சப்பாட்டா என்ற முற்றுகையிடப்பட்ட நகரில், கைதிகளாக இருக்கும் டொரொக் மக்களை விடுவித்தால் தாக்குதலில் தானும் வருவேன் என்று குஷானாவோடு பேரம் பேசுகிறாள். கைதிகள் விடுவிக்கப்படுகிறார்கள். அதற்கான விலையை அவள் களத்தில் கொடுக்கிறாள். நல்ல செயலொன்றைச் செய்வதற்காகக் கொலையில் பங்கெடுப்பது எப்படிப்பட்டது என்ற கேள்வியை இத்தொகுதி தீர்க்காமலே விட்டுச் செல்கிறது.

நான்காம் தொகுதி: டொரொக் குருமார் போருக்காக ஆய்வுகூடத்தில் வளர்த்த பூஞ்சணம் கைமீறுகிறது. எதிரியை அழிப்பதற்கென்று செய்த பொருள் சொந்த மக்களின் வயல்களையும் ஊர்களையும் விழுங்குகிறது. குஷானாவின் படை சிதைகிறது. இதுவரை அகங்காரியாகத் தெரிந்த அவள், தன் படையினரின் உயிரைக் காக்க முயலும் ஒருத்தியாக மாறத் தொடங்குகிறாள். பாலைவனத்து வழிபாட்டிடம் ஒன்றில் வாழும் சிறுவன் சிக்குக்குவும் இங்கே வந்து சேர்கிறான்.

ஐந்தாம் தொகுதி: நூலின் மிகக் கனமான பகுதி. இலட்சக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகர்கிறார்கள். பூஞ்சணத்தை நோக்கி ஓமுக்கள் திரண்டு செல்கின்றன. அவை ஏன் போகின்றன என்று நௌசிக்கா உணரும் இடம் முழு நூலிலும் மறக்க முடியாதது. வாழ்வதற்கான விருப்பத்தை அவள் இழப்பதும் இங்கேதான்.

ஆறாம் தொகுதி: உடலளவில் மயங்கிக் கிடக்கும் நௌசிக்காவின் மனவெளிப் பயணம் இதன் மையம். காட்டுமனிதர்களில் ஒருவனான செல்ம் அவளோடு வருகிறான். சுத்தமாகிவிட்ட நிலத்தை அவள் பார்க்கிறாள். அங்கேயே தங்கிவிடலாம். ஆனால் திரும்புகிறாள். மறுபக்கம் டொரொக் அரியணை கைமாறுகிறது, பேரரசுகள் இரண்டும் உள்ளிருந்தே சரிகின்றன. பழைய உலகின் இராட்சதப் போர் உயிரி விழித்து நௌசிக்காவைத் தாய் என்று அழைக்கிறது.

ஏழாம் தொகுதி: மற்றவற்றைவிடப் பெரியது, 220 பக்கங்களைத் தாண்டும். ஷூவா என்ற நகரின் நிலவறையை நோக்கிய பயணமும் அங்கே நடக்கும் விவாதமும் இதில். வழியில், பழிவாங்கத் துடிக்கும் கூட்டத்துக்கும் முன்னாள் எதிரிக்கும் இடையில் நின்று ஒருவர் தன் உயிரைக் கொடுக்கும் காட்சி உண்டு. அவர் யார் என்பதை வாசகர் அறிந்துகொள்ளட்டும்.

முடிவு எழுப்பும் கேள்வி

இரகசியத்தை வெளியிடாமல் ஒன்றை மட்டும் சொல்லலாம். முதலாம் தொகுதியில் நிலம் தன்னைத்தானே சுத்தப்படுத்துகிறது என்று அறிந்து நாம் ஆறுதல் கொள்கிறோம். ஏழாம் தொகுதி அந்த ஆறுதலை எடுத்துக்கொண்டு, அந்தச் சுத்தமான எதிர்காலத்தில் இன்றைய மனிதர்களுக்கு இடமிருக்கிறதா என்று கேட்கிறது. நஞ்சை மூச்சாக்கிப் பழகியவர்கள், நோயோடும் காயத்தோடும் பிள்ளை வளர்ப்பவர்கள், புதிய உலகத்தைத் திட்டமிடுபவர்களின் கணக்கில் யார்?

போருக்குப் பின் வந்த திட்டங்களையும் அபிவிருத்திப் பலகைகளையும் பார்த்த நமக்கு இந்தக் கேள்வி புதியதன்று. எதிர்காலத்தைப் பற்றிய பேச்சில், காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாய்க்கோ உடலில் செல் துண்டோடு நடக்கும் மனிதருக்கோ எவ்வளவு இடம் கொடுக்கப்படுகிறது என்பதை நாம் அறிவோம். மியாசாக்கி எம்மை மனதில் வைத்து எழுதவில்லை. ஆனாலும் காயப்பட்ட மனிதர்கள் ஒரு தூய்மையான நாளைக்கான உரம் மட்டும்தானா என்று கேட்டு, இல்லை என்று பதில் சொல்லத் துணிகிறது இந்த நூல். அந்தப் பதிலுக்கு நௌசிக்கா கொடுக்கும் விலை பெரியது. அவள் செய்தது சரியா என்று வாசகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

திரைப்படத்தின் முடிவு தனக்கு முழுத் திருப்தி தரவில்லை என்று மியாசாக்கியே கூறியிருக்கிறார். படம் ஒரு மீட்பரைத் தந்து முடிகிறது. நூல் மீட்பர் என்ற பட்டத்தைச் சுமக்க வைக்கப்பட்ட ஒரு பெண்ணை, இறுதியில் மனிதப் பெண்ணாகவே திருப்பித் தருகிறது.

பதிப்புகள்

ஜப்பானில் டொக்குமா ஷோட்டென் நிறுவனம் தொகுதிகளை 1982 தொடக்கம் 1995 வரை பெரிய அளவிலான புத்தகங்களாக வெளியிட்டது. கறுப்பு மைக்குப் பதிலாகச் செம்பழுப்பு மையில் அச்சிடப்பட்டது இதன் தனித்தன்மை. 1994இல் ஜப்பானியச் சித்திரக்கதையாளர் சங்கத்தின் பெரும்பரிசும் இந்த நூலுக்குக் கிடைத்தது.

ஆங்கிலத்தில் விஸ் நிறுவனம் இதைப் பல வடிவங்களில் கொண்டுவந்திருக்கிறது. பழைய புத்தகக் கடைகளிலும் இணைய விற்பனையிலும் அவை கலந்து கிடைப்பதால் வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

முதலாவது, 1988இல் தொடங்கிய மெல்லிய தனி இதழ்கள். ஐந்து பகுதிகளாக வந்தன. இப்போது சேகரிப்பாளர்களுக்கே பொருத்தமானவை.

இரண்டாவது, 1995 முதல் 1997 வரை வந்த 'பேர்ஃபெக்ட் கலெக்சன்'. இது 4 தொகுதிகள். ஆங்கில வாசகரின் வசதிக்காகப் படங்கள் கண்ணாடி விம்பம்போலப் புரட்டப்பட்டு, இடமிருந்து வலமாக வாசிக்கும்படி அச்சிடப்பட்டன. ஆகவே வலக்கைக்காரர்கள் இடக்கைக்காரர்களாகத் தெரிவார்கள். இதன் தொகுதி இலக்கங்கள் ஜப்பானிய ஏழு தொகுதிகளோடு பொருந்தாது. இதில் இரண்டாவதை வாசித்துவிட்டு மற்றப் பதிப்பின் மூன்றாவதை எடுத்தால் வாசித்த பக்கங்களே மீண்டும் வரும்.

மூன்றாவது, 2004இல் வந்த 7 தொகுதிப் பதிப்பு. அட்டை மெல்லியது, அளவு பெரியது. ஜப்பானிய மூலத்தைப் போலவே வலமிருந்து இடமாக, செம்பழுப்பு மையில். ஒவ்வொன்றாக வாங்க விரும்புபவர்களுக்கும், ஒருவர் வாசித்து இன்னொருவருக்குக் கொடுக்க விரும்புபவர்களுக்கும் இதுவே ஏற்றது.

நான்காவது, 2012இல் வந்த பெட்டிப் பதிப்பு. ஏழு தொகுதிகளும் இரண்டு தடித்த அட்டைப் புத்தகங்களாக ஒரே பெட்டியில். வண்ணப் பக்கங்களும் உண்டு. இதுவும் வலமிருந்து இடம். கதை முழுவதும் ஒரே தடவையில் கைக்கு வருவது இதன் பெரிய நன்மை. நீளமான கதைகளில் இடைத்தொகுதி ஒன்று கிடைக்காமல் போவதால் வாசிப்பு அறுந்துவிடும் ஆபத்து இதில் இல்லை. எடை கூடியது என்பதால் படுத்துக்கொண்டு வாசிக்க முடியாது, மேசை வேண்டும்.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் வேறு மொழியில் வாசிப்பவர்களாக இருக்கலாம். பிரெஞ்சு மொழியில் கிளெனா நிறுவனமும் ஜேர்மன் மொழியில் கார்ல்சன் நிறுவனமும் 7 தொகுதிகளாகவே வெளியிட்டுள்ளன. பெற்றோர் ஆங்கிலத்திலும் பிள்ளைகள் பிரெஞ்சிலோ ஜேர்மனிலோ வாசித்தாலும், ஏழு தொகுதிப் பிரிப்பு ஒன்றே என்பதால் சேர்ந்து பேசிக்கொள்ள முடியும். வாங்கும் முன் உள்ளூர்ப் பொது நூலகத்தில் கேட்டுப்பார்ப்பது நல்லது.

வாசிக்கும் முறை

வலமிருந்து இடமாக அச்சிடப்பட்ட பதிப்பை, நாம் வழக்கமாகக் கடைசி அட்டை என்று நினைக்கும் பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வலது மூலைக் கட்டத்தில் தொடங்கி இடப்புறம் நகர்ந்து, பின் கீழ் வரிசைக்கு வர வேண்டும். ஒரே கட்டத்துக்குள் இருக்கும் பேச்சுக் குமிழிகளுக்கும் இதே ஒழுங்குதான். இருபது பக்கங்களில் பழகிவிடும்.

பக்கங்களில் சிறிய கட்டங்கள் நெருக்கமாக இருக்கும். வேறு சித்திரக்கதைகளைப் போல வேகமாகப் புரட்ட முடியாது. நிலவரைபடத்தில் விரல் வைத்து, படைகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டால் மூன்றாம் தொகுதிக்குப் பின் குழப்பம் வராது. பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொள்வதும் உதவும். டொருமெக்கிய இளவரசர்கள், டொரொக் மன்னர் சகோதரர்கள் இருவர், பள்ளத்தாக்கு முதியவர்கள் ஆகிய மூன்று குழுக்களையும் பிரித்து எழுதினால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது சிறுவர் நூல் அல்ல. 'டொட்டோரோ' பார்த்த பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பதற்கு முன் பெரியவர்கள் தாம் வாசித்துவிட வேண்டும். இறந்த குழந்தைகள், கூட்டமாக இடம்பெயரும் மக்கள், மூச்சுத்திணறிச் சாவோர் ஆகிய காட்சிகள் மூன்றாம் தொகுதி முதல் வருகின்றன. போரின் கடைசி நாட்களைக் கடந்து வந்தவர்களுக்குச் சில பக்கங்கள் பழைய நாட்களைக் கிளறக்கூடும். ஒரே இருப்பில் வாசித்து முடிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. ஐந்தாம் தொகுதியை எடுக்கும் முன் சில நாட்கள் இடைவெளி விடலாம்.

திரைப்படமும் துணை நூல்களும்

திரைப்படத்தை நூலுக்கு முன்பும் பார்க்கலாம், பின்பும் பார்க்கலாம். முன்பு பார்த்தால் காட்டின் நிறமும் ஓமுவின் அளவும் கண்ணில் பதிந்துவிடும். ஜோ ஹிசாயிஷியின் இசையும் கூட வரும். ஆனால் படத்தின் குஷானாவை நூலின் குஷானா என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பிரதி ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் ஓடும் நேரத்தைக் கவனியுங்கள். முழுப்படம் 117 நிமிடங்கள். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் 'வொரியர்ஸ் ஒஃப் த விண்ட்' என்ற பெயரில், இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, நாயகியின் பெயரையும் மாற்றி ஒரு பிரதி வெளிவந்தது. அதைத் தவிர்ப்பது நல்லது. அந்த அனுபவத்துக்குப் பின் ஜிப்லி தன் படங்களை வெளிநாடுகளில் வெட்ட அனுமதிப்பதில்லை என்ற கொள்கைக்கு வந்தது.

நூலை முடித்தபின் இரண்டு துணை நூல்களைப் பார்க்கலாம். ஒன்று, நௌசிக்காவுக்காக மியாசாக்கி தீட்டிய நீர்வண்ண ஓவியங்களின் தொகுப்பு. 2007இல் ஆங்கிலத்தில் வந்தது. மற்றது 'ஷூனாவின் பயணம்'. திபெத்திய நாட்டார் கதை ஒன்றைத் தழுவி 1983இல் அவர் வெளியிட்ட, முழுவதும் வண்ணத்திலான சிறிய நூல். பசித்த தன் ஊருக்குத் தானிய விதை தேடிப் போகும் இளவரசனும், அடிமையாக விற்கப்படும் இரண்டு சகோதரிகளும் அதில் வருகிறார்கள். ஆங்கிலத்தில் 2022இல்தான் கிடைத்தது. ஒரே மாலையில் வாசித்து முடிக்கலாம். ஏழு தொகுதிகளுக்கு நேரமோ பணமோ இப்போது இல்லாதவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

நௌசிக்காவைத் தொடங்குபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. இரண்டாம் தொகுதியின் முடிவில் கதை நிறைவடைந்ததுபோல ஒரு உணர்வு வரும். படம் அங்கே நின்றதால் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அற்புதம் நிகழ்ந்த மறுநாள் காலையில் மக்கள் எதைச் சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், யாரை மன்னித்தார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இரண்டாவதை மூடும்போது மூன்றாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.